கோரை செய்யும் வேலை

பெங்களூரின் வடக்கே ஜக்கூர் ஏரி. காலையில் கரையில் நின்றால், கூழைக்கடாக்கள் அலகை விரித்து மீன் அள்ளுவதைப் பார்க்கலாம். அந்த ஏரிக்கு வருவது என்ன தண்ணீர் தெரியுமா? சாக்கடைத் தண்ணீர்!

முதலில் அது சுத்திகரிப்பு நிலையத்துக்குள் போகிறது. அங்கிருந்து நேரே ஏரிக்கு வருவதில்லை. சம்பங்கோரை மண்டிய ஒரு சதுப்புக்குள் மெல்ல நகர்கிறது. கலங்கிய தண்ணீரைக் குடத்தில் அசையாமல் வைத்தால் வண்டல் அடியில் தங்கும் அல்லவா? அதுபோல இங்கேயும் தங்குகிறது. மிச்ச அழுக்கைக் கோரையே உரமாக உறிஞ்சிக்கொள்கிறது. வேரில் ஒட்டிய நுண்ணுயிர்களும் உதவுகின்றன. எவ்வளவு அருமையான ஏற்பாடு! பிறகுதான் ஏரி. அங்கே மீன் பிடிக்கிறார்கள். பக்கத்துக் கிணறுகளும் ஊறுகின்றன.

கோரைதான் வடிகட்டி. தாழைக்கோழிக்கு அதுவே வீடு. உங்கள் ஊர்க் குளத்தைத் தூர்வாரும்போது, கரையோரக் கோரையில் கொஞ்சமாவது விட்டுவையுங்கள்.