பொறுமையும் பிரயத்தனமும்

(கோபிநத்தத்தில் நடந்த குடும்ப சந்திப்பில் ஆற்றிய உரை)

பெங்களூரு, மைசூரு, சேலம், சென்னை என்று பல ஊர்களிலிருந்து பிரயாணக் களைப்பைப் பாராமல் வந்திருக்கிறீர்கள். சாப்பாட்டுக்கு முன்னால் எனக்குக் கால் மணி நேரம் கொடுத்திருக்கிறார்கள். பாயசம் ஆறுவதற்குள் முடித்துவிடுகிறேன்.

கோபிநத்தம் என்றதும் வெளியூர்க்காரர்களுக்கு வீரப்பன் பெயர்தான் நினைவுக்கு வரும். ஆனால் இந்த ஊர்க்காரர்கள் கைகூப்பிச் சொல்லும் பெயர் வேறு. இங்கே பணியாற்றிய வன அதிகாரி ஸ்ரீநிவாஸ் அவர்கள், துப்பாக்கியை நம்பாமல், ஊராரின் நோய்நொடியை விசாரித்து, மாரியம்மன் கோயில் கட்டிக் கொடுத்து, கொஞ்சம் கொஞ்சமாக அவர்கள் மனத்தைச் சம்பாதித்தவர். 1991 நவம்பரில் கொல்லப்பட்டார். அரசாங்கம் கீர்த்தி சக்ரா விருது கொடுத்தது. பொறுமையைப் பற்றிப் பேச இது தகுந்த இடம்தான்.

நான் பேச வந்தது என் பேத்தியைப் பற்றி. அமெரிக்காவில் நியூஜெர்சியில் இருக்கிறாள். அவளுக்குப் பரதநாட்டியம், பாட்டு எல்லாம் உண்டு என்றாலும் உயிர் சாஃப்ட்பாலில்தான். பெயரில் 'சாஃப்ட்' இருக்கிறதே தவிர, பந்து கல் மாதிரி இருக்கும். கிரிக்கெட் பௌலர் தோளுக்கு மேலே கையைச் சுழற்றுகிறார். இதிலே பிட்சர் கையை ஒரு முழு வட்டம் சுற்றி, இடுப்புப் பக்கத்தில் மணிக்கட்டைச் சுண்டிப் பந்தைக் கீழிருந்து விட வேண்டும்.

அவள் ஒன்பது வயதில் ஆரம்பித்தாள். அந்த வயதில் தூரம் 35 அடி, பந்தின் சுற்றளவு 11 அங்குலம். கொஞ்சம் வளர்ந்ததும் 40 அடி, 12 அங்குலப் பந்து. பிறகு 43 அடி. பெரிய பெண்களின் சர்வதேச ஆட்டத்திலும் அதே 43 அடிதான். உடம்பு ஒரு தூரத்துக்குப் பழகுவதற்குள் அடுத்தது வந்து நிற்கும். முதல் சில மாதங்கள் அவளுக்கு முழு வட்டமே கிடையாது. சுவருக்குப் பக்கத்தில் நின்று மணிக்கட்டை மட்டும் சுண்டச் சொன்னார்கள். சங்கீதத்தில் சரளி வரிசை மாதிரி என்று நினைத்துக்கொண்டேன்.

மூன்று வருஷம் போயிற்று. ஓர் ஆட்டத்தில் அவள் போட்ட பந்தை விதிமீறல் என்று அம்பயர் அறிவித்தார். பிட்சர் தள்ளும் காலைத் தரையோடு இழுத்துக்கொண்டு வர வேண்டும் என்பது அப்போதைய விதி. அதை நடுவில் மறுபடி ஊன்றி இரண்டாம் தடவை தள்ளினால் செல்லாது. இவள் அறியாமலே அப்படிச் செய்து பழகிவிட்டாள். வேகம் வந்ததே அந்தத் தப்பினால்தான். பயிற்சியாளர், "முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்" என்றார்.

அன்று இரவு போனில் ஒரே அழுகை. "போதும் தாத்தா, என்னால முடியாது" என்றாள்.

நான் என்ன சொன்னேன் தெரியுமோ? "விட்டுடு கண்ணா. படிப்பைக் கவனி. விளையாட்டு என்ன சோறு போடப் போறதா?" என்றேன். ஆறுதல் சொன்னதாகத்தான் எண்ணம். மூன்று வாரம் அவள் என்னோடு பேசவில்லை. "அவ உங்ககிட்ட அனுமதி கேட்கலை, தைரியம் கேட்டா. அது புரியலையே உங்களுக்கு!" என்றாள் என் ஆத்துக்காரி.

இத்தனைக்கும் நான் சந்திரசேகரின் பக்தன். மைசூரில் பிறந்தவர். சிறு வயதில் போலியோவால் வலது கை சூம்பிப் போயிற்று. அந்தக் கையாலேயே 1971இல் ஓவல் மைதானத்தில் 38 ரன்னுக்கு 6 விக்கெட் எடுத்து, இங்கிலாந்து மண்ணில் இந்தியாவின் முதல் டெஸ்ட் தொடர் வெற்றிக்கு வழி செய்தார். 58 டெஸ்டில் 242 விக்கெட். ரேடியோவில் அதைக் கேட்டுக் கூத்தாடியவன், சொந்தப் பேத்திக்கு விட்டுவிடு என்கிறேன்!

வெட்கமாக இருந்தது. அப்புறம்தான் நடராஜன் கதையை உட்கார்ந்து ஒழுங்காகப் படித்தேன். இந்தப் பாலாற்றைத் தாண்டி மேட்டூர் வழியாகச் சேலம் பக்கம் போனால் சின்னப்பம்பட்டி. அதுதான் அவர் ஊர். அப்பா தறி வேலை, அம்மா சாலையோரக் கடை, ஐந்து குழந்தைகளில் மூத்தவர். இருபது வயது வரை டென்னிஸ் பந்துதான். ஜெயப்பிரகாஷ் என்ற உள்ளூர் அண்ணா சென்னைக்கு அனுப்பி வைத்தார். 2015 ஜனவரியில் வங்காளத்துக்கு எதிராக ரஞ்சி ஆட்டத்தில் அறிமுகம். அந்த ஆட்டத்திலேயே பந்து வீச்சு சந்தேகத்துக்குரியது என்று புகார்!

கிரிக்கெட்டில் முழங்கையை 15 டிகிரிக்கு மேல் நீட்டினால் எறிதல் என்று கணக்கு. எத்தனையோ வருஷம் வயலிலும் தெருவிலும் வீசிப் பழகிய கையை இப்போது மாற்ற வேண்டும். ஊருக்குத் திரும்பி வேறு வேலை பார்த்திருக்கலாம். அவர் தமிழ்நாட்டின் முன்னாள் வீரர்கள் சுனில் சுப்பிரமணியம், வாசு, வெங்கடரமணா ஆகியோரின் உதவியோடு வீச்சைப் பிரித்து மறுபடி கட்டினார். 2016இல் தமிழ்நாடு பிரீமியர் லீக்கில் அவருடைய யார்க்கரைப் பார்த்து ஊரே பேசிற்று.

கதை அங்கே முடிந்திருந்தால் அழகாக இருந்திருக்கும். ஆனால் 2017இல் ஐபிஎல் ஏலத்தில் 3 கோடிக்குப் பஞ்சாப் அணி எடுத்தது. ஆறு ஆட்டத்தில் இரண்டே விக்கெட். அடுத்த ஏலத்தில் 40 லட்சத்துக்கு ஹைதராபாத். 2018, 2019 இரண்டு வருஷமும் ஓர் ஆட்டம்கூட இல்லை. வலைப் பயிற்சியும் பெஞ்சும்தான். 2020இல் வாய்ப்பு வந்தது, 16 விக்கெட் எடுத்தார். ஆஸ்திரேலியாவுக்கு வலைப் பயிற்சிப் பந்து வீச்சாளராகப் போனவர், மற்றவர்களுக்குக் காயம் ஏற்பட ஏற்பட, டிசம்பர் 2ஆம் தேதி ஒருநாள் ஆட்டம், 4ஆம் தேதி இருபது ஓவர் ஆட்டம், 2021 ஜனவரி 15இல் பிரிஸ்பேனில் டெஸ்ட் என்று மூன்றிலும் அறிமுகமானார். ஒரே பயணத்தில் மூன்றிலும் அறிமுகமான முதல் இந்தியர் அவர்தான். இதற்கிடையே ஊரில் பெண் குழந்தை பிறந்திருந்தது, போய்ப் பார்க்கவில்லை.

இதையெல்லாம் பேத்தியிடம் போனில் சொன்னேன். முதலில் மன்னிப்புக் கேட்டேன், பிறகு கதை. அவள் ஒன்றே ஒன்று கேட்டாள்: "அந்த ரெண்டு வருஷமும் அவர் என்ன பண்ணினார் தாத்தா?" தினமும் பந்து போட்டார் என்றேன். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. "சரி" என்றாள்.

மறுபடி சுவர், மறுபடி மணிக்கட்டு. கால் தரையோடு வருகிறதா என்று அவள் அப்பா தினமும் படம் எடுத்துப் பார்த்தார். வேகம் குறைந்தது. அவளுக்குப் பின்னால் சேர்ந்த பெண் அவள் இடத்தில் பந்து போட்டாள். இவள் பெஞ்சில் உட்கார்ந்து கை தட்டினாள். தோள் வலித்தால் ஓய்வு. அதுவும் பயிற்சிதான் என்று பயிற்சியாளர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். போன சீசன் கடைசியில் ஒரே ஓர் இன்னிங்ஸ் கொடுத்தார்கள். இரண்டு பேருக்கு நாலு நாலு பந்து வெளியே போட்டு, அவர்களை முதல் தளத்துக்கு இலவசமாக அனுப்பிவிட்டாள்! பிறகு மூன்று பேரை அவுட் ஆக்கினாள். அம்பயர் ஒரு தடவைகூடக் கையைத் தூக்கவில்லை. எனக்கு அது போதும்.

பெற்றோர்களுக்கும் என் போன்ற தாத்தா பாட்டிகளுக்கும் ஒரு விண்ணப்பம். நம் குழந்தைகள் படிப்பிலே பிரயத்தனம் செய்தால் அதைத் தவம் என்கிறோம். அதே பிரயத்தனத்தை மைதானத்தில் செய்தால் பொழுதுபோக்கு என்கிறோம். பரீட்சை முடிந்து வந்ததும் "எத்தனை மார்க்?", ஆட்டம் முடிந்து வந்ததும் "ஜெயிச்சியா?" என்று கேட்டுப் பழகிவிட்டோம். நான் இப்போது, "இன்னிக்கு எப்படிப் பழகினே?" என்று மட்டும் கேட்கிறேன். அவள் அரை மணி நேரம் பேசுகிறாள். முன்பெல்லாம் "ஆமாம்", "இல்லை" என்பதோடு போனை அம்மாவிடம் கொடுத்துவிடுவாள்.

இங்கே உட்கார்ந்திருக்கும் குழந்தைகளே, தப்பாகக் கற்றதைத் திருத்திக்கொள்வதில் அவமானம் ஒன்றும் இல்லை. நடராஜன் இப்போது சின்னப்பம்பட்டியில் சொந்தமாக ஒரு கிரிக்கெட் மைதானம் அமைத்திருக்கிறார், 2023இல் திறந்தார்கள். அடுத்த முறை சேலம் பக்கம் போனால் பெற்றோரை அழைத்துக்கொண்டு போய்ப் பாருங்கள்.

இலை போட்டாயிற்று என்று சமிக்ஞை வருகிறது.