கயிறு உங்கள் கையில்



அரிப்புக் கடற்கரையில் இடிந்து நிற்கும் டொரிக் மாளிகையைப் பார்த்திருப்பீர்கள். முத்துக்குளிப்பு நாட்களில் தங்குவதற்காகத் தேசாதிபதி பிரெடெரிக் நோர்த் கட்டிய வீடு அது. அந்தக் காலத்தில் கல்லின் பாரத்தில் கடலடிக்கு இறங்கிய குளிகாரர், மூச்சு முட்டினால் கயிற்றை அசைப்பார். படகில் இருப்பவர் உடனே இழுத்தெடுப்பார். அந்த நம்பிக்கையில்தான் அவர் இறங்கினார்.

பல் வைத்தியரின் கதிரையில் இருப்பவருக்கும் அதே நம்பிக்கை வேண்டும். பயத்தால் நாள் கடத்தி, பல்லை இழந்துவிடாதீர்கள். "எனக்குப் பயம்" என்று முதலிலேயே சொல்லுங்கள். கையை உயர்த்தினால் வேலையை நிறுத்தவேண்டும் என்று பேசிவையுங்கள்.

விறைப்பு ஊசிக்கே பயமென்றால், முதலில் முரசில் விறைப்புக் களிம்பு பூசலாம். நைட்ரஸ் ஒக்சைட் வாயுவை ஒக்சிசனோடு கலந்து மூக்கால் சுவாசிக்கத் தருவது இன்னொரு வழி. நினைவு இருக்கும், பதற்றம் தணியும், நிறுத்திய சில நிமிடங்களில் தெளிந்துவிடும். 1844 டிசெம்பரில் ஹொரஸ் வெல்ஸ் என்ற அமெரிக்கப் பல் வைத்தியர் இந்த வாயுவைச் சுவாசித்துத்தான் தன் பல்லையே பிடுங்குவித்தார். அமைதிப்படுத்தும் மாத்திரையும், நாளத்தில் ஏற்றும் மிடசோலமும் அடுத்த படிகள். முழு மயக்கம் கடைசி வழி. அதற்குரிய வசதியுள்ள ஆஸ்பத்திரியில்தான் கொடுப்பார்கள்.

எல்லா இடத்திலும் எல்லாம் கிடைக்காது, கேட்டுப் பாருங்கள். பாவிக்கும் மருந்து, மூச்சு வருத்தம், கர்ப்பம் எதையும் மறைக்காதீர்கள். மாத்திரையோ நாள ஊசியோ எடுத்தால் துணைக்கு ஒருவரோடு போங்கள். அன்று மோட்டார் சைக்கிள் ஓடவேண்டாம்.

கயிறு உங்கள் கையில் இருக்கிறது. துணிந்து இறங்குங்கள்.