சிறிய நாட்டின் சொல்

ஒரு நாடு வல்லரசாக உயர்வதில் வெளியுறவுக் கொள்கையின் பங்கு யாது என்பது இன்றைய பொருள். வல்லரசு என்றவுடன் பரப்பும் படையும் பணமும் நினைவுக்கு வருகின்றன. இம்மூன்றிலும் எளிய நிலையில் தனித்து விடப்பட்ட ஒரு தீவை வைத்தே இதனை ஆராய விரும்புகிறோம். வெளியுறவு எதைத் தரும், எதைத் தராது என்பது இங்கே கலப்பின்றித் தெரியும்.

1965 ஆகஸ்டு 9ஆம் நாள் மலேசியாவிலிருந்து பிரிந்தபோது சிங்கப்பூரின் மக்கள்தொகை ஏறத்தாழ 19 இலட்சம். குடிநீர் ஜொகூரிலிருந்து வந்தது. இந்தோனேசியாவுடனான மோதல் ஓயவில்லை. அவ்வாண்டு மார்ச்சில்தான் ஆர்ச்சர்ட் சாலையின் மெக்டொனால்டு ஹவுஸில் குண்டு வெடித்து மூவர் மாண்டிருந்தனர். அந்நிலையில் முதல் வெளியுறவு அமைச்சரானவர், யாழ்ப்பாணத்து வட்டுக்கோட்டையில் பிறந்து மலாயாவில் வளர்ந்த எஸ். ராஜரத்தினம். அதற்கு முன் செய்தித்தாள்களில் எழுதியவர். சொல்லே அவர்தம் தொழில். ஆறே வாரங்களில், செப்டம்பர் 21 அன்று, சிங்கப்பூர் ஐக்கிய நாட்டு நிறுவனத்தின் 117ஆவது உறுப்பினராயிற்று. 1967 ஆகஸ்டு 8இல் ஆசியானைத் தொடங்கப் பேங்காக்கில் கூடிய ஐந்து நாடுகளுள், முன்பு மோதிய இந்தோனேசியாவும் சிங்கப்பூரும் இருந்தன.

இவ்விடத்தில் மொழி பற்றி ஒன்று கூற வேண்டும். மலாய் தேசிய மொழியாக நீடித்ததையும், அதனுடன் தமிழ், சீனம், ஆங்கிலம் ஆகியவை ஆட்சிமொழிகளானதையும் உள்நாட்டு இன நல்லிணக்கக் கொள்கையாகவே வகுப்பறைகளில் கற்பிக்கிறோம். அது பாதி உண்மையே. சீனர் பெரும்பான்மையினராக வாழும் தீவு, தன்னைச் சூழ்ந்த மலாய் உலகுக்கு அனுப்பிய தூதும் அதுவே என்பது நம் துணிபு. 1990இல் இந்தோனேசியா சீனாவுடன் மீண்டும் உறவு கொண்ட பின்னரே சிங்கப்பூர் பெய்ஜிங்குடன் அரசதந்திர உறவு பூண்டதும் இதே எண்ணத்தின் தொடர்ச்சி.

திருக்குறளின் அமைச்சியலில் பத்து அதிகாரங்கள் உள்ளன. அவற்றுள் சொல்வன்மை, தூது, அவையறிதல், அவையஞ்சாமை ஆகிய நான்கும் சொல்லையும் அது சென்று சேரும் அவையையும் பற்றியவை. படைமாட்சி அவற்றிற்கு வெகு பின்னரே வருகிறது. (நம் நாட்டில் 'அமைச்சகம்' என்னாது 'அமைச்சு' என்றே வழங்குவது வள்ளுவர்க்கு நெருக்கமான வழக்கு.)

அவையஞ்சாமைக்குச் சான்று 1983. அமெரிக்கா கிரனடாவிற்குள் படை செலுத்தியது. அமெரிக்கா நமக்கு நெருங்கிய நட்பு நாடு. ஆயினும் ஐக்கிய நாட்டுப் பொதுப்பேரவையில் அச்செயலைக் கண்டித்த தீர்மானத்துக்குச் சிங்கப்பூர் ஆதரவாக வாக்களித்தது. வியட்நாம் கம்போடியாவிற்குள் புகுந்ததை எதிர்த்துவிட்டு இதற்கு வாய்மூடியிருந்தால், முன்பு சொன்ன சொல்லும் செல்லாக்காசாகியிருக்கும். 1982இல் நிறைவெய்திய கடற்சட்ட மாநாட்டிற்கு டாமி கோ தலைமை தாங்கியதையும், 1992இல் சிங்கப்பூர் தொடங்கிய சிறு நாடுகள் மன்றத்தில் இன்று 100க்கும் மேற்பட்ட நாடுகள் இருப்பதையும் இத்தகைய நம்பகத்தின் விளைவாகவே காண்கிறோம்.

ஆயினும் இவையெல்லாம் சிங்கப்பூரை வல்லரசாக்கவில்லை. பெரிய நாடுகள் சட்டத்தை மீற நாணுமளவும்தான் சிறிய நாட்டின் சொல்லுக்கு எடை. அந்த நாணம் குறைந்துவருவதை மாணவர்கள் நாள்தோறும் செய்திகளில் காண்கிறீர்கள். வெளியுறவு உள்ள வலிமையைப் பெருக்கும். இல்லாத வலிமையைப் படைக்காது.

அதன் பயனைக் காணப் பேரவைக்குச் செல்ல வேண்டியதில்லை. சிராங்கூன் சாலையின் மளிகைக் கடைகள் போதும். 2023 ஜூலையில் இந்தியா பாசுமதியல்லாத வெள்ளை அரிசியின் ஏற்றுமதியைத் தடை செய்தது. ஆகஸ்டு இறுதியில், சிறப்பு உறவைக் காரணங்காட்டிச் சிங்கப்பூருக்கு அரிசி அனுப்ப இசைந்தது. 1990களில் இந்தியாவை ஆசியானின் உரையாடல் பங்காளியாக்கச் சிங்கப்பூர் முனைந்து வாதாடியது. அன்று பேசிய பேச்சுக்கும் பின்னாளில் தேக்காவுக்கு வந்த அரிசிக்கும் இடையே ஏறத்தாழ முப்பது ஆண்டுகள்.