கறிவேப்பிலை மரத்தடியில் ஒரு வகுப்பு

1956-இல் நிலக்கரி நிறுவனம் தொடங்கியதையொட்டி எழுந்த நெய்வேலி நகரியத்தில் எந்த வட்டத்துக்குப் போனாலும், குவார்ட்டர்ஸ் கொல்லையில் முருங்கையும் கறிவேப்பிலையும் கண்ணில் படும். மூன்று, நான்கு வயதுப் பிள்ளைகளுக்குப் பூச்சிகளைக் காட்டித்தர இதைவிட நல்ல இடம் தேட வேண்டியதில்லை. அந்தப் பாடம் எப்படி நடந்தால் நல்லது என்பதைத்தான் இன்று பேச வந்தேன்.

பெரும்பாலும் வகுப்பறைச் சுவரில் ஒரு பூச்சிப் படம் மாட்டியிருக்கும். பிறகு வண்ணத்தாளில் வெட்டி ஒட்டிய வண்ணத்துப்பூச்சி, பாட்டில் மூடியில் ஒரு சிவப்பு வண்டு. விரல்களுக்கு நல்ல பயிற்சிதான். ஆனால் உயிருள்ள புழுவைப் பார்க்காத பிள்ளை, படத்தைப் பார்த்து இன்னொரு படம்தான் செய்கிறது. முதலில் பூச்சி, அப்புறம்தான் கத்தரிக்கோல். இந்த வரிசை மாறவே கூடாது என்பேன்.

கறிவேப்பிலைக் கொழுந்தில் எலுமிச்சை வண்ணத்துப்பூச்சி கடுகளவில் மஞ்சள் முட்டை இடும். மூன்று நான்கு நாளில் வெளிவரும் புழு அசல் பறவை எச்சம் போலவே இருக்கும். "ஐயே, காக்கா எச்சம்" என்று முகம் சுளித்த ஒரு சிறுமி, அது நகர்ந்ததும், "டீச்சர், இதுக்குக் கால் இருக்கு!" என்று கூவினாள். அன்று வேறு பாடமே தேவைப்படவில்லை. வளர்ந்தபின் அதே புழு பச்சையாகிவிடும். மெல்லத் தொட்டால் தலைக்குப் பின்னாலிருந்து செம்மஞ்சளில் இரண்டு கொம்பு நீளும், கூடவே ஒரு நெடி வரும். கடைசியில் இடுப்பைச் சுற்றி ஒரு பட்டிழை கட்டிக்கொண்டு, குச்சியில் சாய்ந்தபடி கூட்டுப்புழுவாக நின்றுவிடும். முட்டையிலிருந்து பறப்பது வரை ஏறக்குறைய ஒரு மாதம். அந்த ஒரு மாதக் காத்திருப்பைப் பிள்ளைக்குக் கொடுப்பதுதான் இந்தப் பாடத்தின் அருமை.

வேண்டியது ஒரு கண்ணாடி பாட்டில், வாயில் கட்டக் கொசுவலைத் துணி, தினமும் புதுத் தழை. கடையில் வாங்கிய கறிவேப்பிலை வேண்டாம். மருந்து தெளித்திருந்தால் புழு செத்துவிடும். இறகு விரிந்ததும் கொல்லையிலேயே விட்டுவிடுங்கள்.

முருங்கை மரத்துக் கம்பளிப்பூச்சியைக் கண்ணால் மட்டும் பார்க்க வேண்டும். மாவிலைகளைச் சேர்த்துத் தைத்த முசுறு எறும்புக் கூட்டுக்கும் அதே விதி. எதைத் தொடலாம், எதைத் தொடக்கூடாது என்று தெரிந்த பிள்ளை, கண்ட பூச்சியையெல்லாம் செருப்பால் அடிக்கப் போகாது. மழை விட்டதும் மண்ணில் ஊரும் தம்பலப்பூச்சியின் கால்களை எண்ணச் சொல்லுங்கள். எட்டு வரும். அப்படியானால் அது எறும்பின் சொந்தமா, சிலந்தியின் சொந்தமா என்று அவர்களே வாதாடட்டும்.

பொன்வண்டைத் தீப்பெட்டியில் வளர்த்ததும் தட்டான் வாலில் நூல் கட்டியதும் நம் ஊர்ப் பழக்கம்தான். அந்த ஆசை பொன்னானது. நூல் மட்டும் வேண்டாம். அந்த ஆசைக்குப் பாடத்தில் இடம் கொடுப்பது புதிதுமல்ல. 1939-இல் சென்னை அடையாறுக்கு வந்த கல்வியாளர் மரியா மாண்டிசோரி, பின்பு கொடைக்கானலில் தங்கியபோது, சுற்றியிருந்த செடியும் உயிரும் பிள்ளைகளின் பாடத்தில் பெரிய இடம் பிடித்தன. தமிழ்நாட்டு அங்கன்வாடிப் பாடத்திட்டத்தின் பெயரே 'ஆடிப் பாடி விளையாடு பாப்பா'. வாசலைத் தாண்டி மரத்தடிக்குப் போக அந்தப் பெயரே போதும்.

ஒன்று சொல்லியாக வேண்டும். சில கூடுகளிலிருந்து வண்ணத்துப்பூச்சி வராது. கூட்டில் ஓர் ஓட்டை விழுந்து, பொடிப்பொடியாகக் குளவிகள் வெளிவரும். கூட்டுப்புழுவுக்குள் முட்டையாய்ப் புகுந்து, அதைத் தின்றே வளர்ந்தவை அவை. பிள்ளைகள் வருத்தப்படுவார்களே என்று பாட்டிலை மறைக்கத் தோன்றும். தயவுசெய்து மறைக்காதீர்கள். குளவிக்கும் பசிக்கும் என்றால் நான்கு வயதுக்குப் புரியும். அழுகிற பிள்ளையைப் பக்கத்தில் உட்காரவைத்து, அது கேட்பதற்கெல்லாம் பதில் சொல்லுங்கள். பிறகு அடுத்த முட்டையைத் தேடக் கொல்லைக்கு அழைத்துப் போங்கள்.