கன்றின் நோயும் கொட்டில் மண்ணும்



பேராதனையிலிருந்து கம்பளைக்குச் செல்லும் வழியில், மகாவலி கங்கையை அண்டி அமைந்த ஊர் கெலிஓயா. வயலும் வீட்டுத்தோட்டமும் குன்றுகளும் சூழ்ந்த அப்பகுதியில், ஒன்றிரண்டு பசுவோ எருமையோ வளர்த்துப் பால் விற்று வாழ்வோர் உளர். அவர்களுக்கு ஒரு கன்றின் இழப்பு சிறு நட்டம் அன்று. நாளைய கறவையே அதனோடு போய்விடுகிறது. அத்தகைய இழப்புக்குக் காரணமாகும் ஒரு நோயைப் பற்றியே இன்று பேச எண்ணுகிறேன்.

பிறந்தபோது கொழுகொழுவென்று துள்ளிய கன்று, மூன்று நான்கு வாரங்களில் மெலியத் தொடங்குகிறது. வயிறு மட்டும் பானைபோல் உப்புகிறது. உரோமம் பொலிவிழக்கிறது. சேற்று நிறத்தில் நாற்றமுள்ள கழிச்சல் உண்டாகிறது. தாயோ யாதொரு குறையுமின்றி நிற்கின்றது. கண்ணேறு பட்டது என்பார் சிலர். பால் மிகுதியாகக் குடித்துவிட்டது என்பார் வேறு சிலர். ஆனால், பல வேளைகளில் உண்மைக் குற்றவாளி கன்றின் சிறுகுடலில் வாழும் ஒரு வட்டப்புழுவே. அறிவியலார் அதனை ரொக்சோகாரா விற்றுலோரம் என்பர். வளர்ந்த பெண்புழு ஒரு சாண் நீளத்தையும் கடக்கும். எருமைக் கன்றுகளையே அது மிகுதியாக வாட்டுகிறது, பசுக்கன்றுகளையும் விட்டுவைப்பதில்லை.

புல்லைக் கடித்தறியாத கன்றின் குடலுக்குள் இப்புழு எவ்வாறு புகுந்தது? தாய்ப்பால் வழியாகவே புகுந்தது. அதன் தொடக்கமோ மண்ணில் உள்ளது. நோயுற்ற கன்றின் சாணத்தோடு எண்ணற்ற முட்டைகள் நிலத்தில் விழுகின்றன. அவற்றின் ஓடு தடித்தது. ஈரமும் நிழலும் உள்ள மண்ணில் அவை நெடுங்காலம் கெடாமல் கிடக்கும். அம்மண் படிந்த புல்லையோ நீரையோ தாய் உட்கொள்கையில், முட்டையினின்று வெளிப்படும் நுண்புழு அதன் உடலில் புகுந்து உறங்குவதுபோல் தங்கிவிடுகிறது. தாய்க்கு நோய் தெரிவதில்லை. கன்று ஈன்றதும் அந்நுண்புழுக்கள் மடியை அடைந்து பாலில் இறங்குகின்றன. இலங்கை எருமைகளின் பாலில் அவை வெளிப்படுவதை ராபர்ட்ஸ், பெர்னாண்டோ, சிவநாதன் ஆகிய மூவரும் ஆராய்ந்து 1990-ஆம் ஆண்டில் வெளியிட்டனர்.

அவ்வாறாயின் கன்றுக்குக் கடும்புப் பாலை மறுத்துவிடலாமா என்று நீங்கள் கேட்கலாம். அது பெருந்தவறு. பிற நோய்களை எதிர்க்கும் வலுவைக் கன்றுக்கு அளிப்பது கடும்பே ஆகும். அதனை நிறுத்தினால், புழுவுக்கு அஞ்சிக் கன்றையே பலிகொடுத்தவர் ஆவோம்.

செய்யத்தக்கது வேறு. பிறந்த 10-ஆம் நாளுக்கும் 16-ஆம் நாளுக்கும் இடையே, கால்நடை வைத்தியரின் அறிவுரைப்படி, பைரன்டல் போன்ற புழுமருந்தை ஒருமுறை கொடுத்தல் வேண்டும். அதற்கு முன்னரெனில், பாலில் இன்னும் புழுக்கள் வந்துகொண்டிருக்கும். பின்னரெனில், அவை வளர்ந்து முட்டையிடத் தொடங்கிவிடும். ஆகவே, அந்த ஒரு வாரத்தில் கொடுக்கும் மருந்து கன்றையும் காக்கிறது. முட்டை விழாமல் நிலத்தையும் காக்கிறது.

இங்கே ஒன்றைக் கவனித்தல் வேண்டும். மருந்தின்றியே பிழைத்துக்கொள்ளும் கன்றுகளும் உண்டு. சில மாதங்களில் புழுக்கள் தாமாகவே வெளியேறிவிடும். "நோய் தானே போயிற்று" என்று நாமும் மகிழ்கிறோம். ஆனால், அதற்குள் கொட்டில் மண் முட்டைகளால் நிறைந்துவிட்டது. அடுத்த ஆண்டுக் கன்றுக்கு அதுவே நோயின் வித்து.

மண்ணைக் காக்கும் வழிகளும் அரியன அல்ல. கன்றுகள் நிற்கும் இடத்தை நாடோறும் கூட்டிச் சாணத்தை அகற்றுங்கள். வெயில் படவும் நீர் தேங்காதிருக்கவும் வழி செய்யுங்கள். மழை மிகுந்த மலைநாட்டில் இது இன்றியமையாதது. கன்றின் பச்சைச் சாணத்தைப் புல் நிலத்தில் இடாதீர்கள். குவித்து மூடி, இடையிடையே புறத்தை உள்ளாகப் புரட்டி மக்கவிடுங்கள். குவியலினுள் எழும் வெப்பம் முட்டைகளை அழிக்கும். வயலுக்கும் நல்ல எரு கிடைக்கும்.

கெலிஓயாவுக்கு அண்மையிலேயே, கன்னொறுவையில் மிருக வைத்திய ஆராய்ச்சி நிலையமும், பேராதனைப் பல்கலைக்கழகத்தில் மிருக வைத்திய பீடமும் உள்ளன. ஐயம் எழுந்தால், கன்றின் சாணத்தில் சிறிதளவை எடுத்துக்கொண்டு உங்கள் பகுதிக் கால்நடை வைத்தியரை நாடுங்கள். கன்று பிறந்த நாளையும் சுவர் நாட்காட்டியில் குறித்து வையுங்கள். அந்நாளிலிருந்து பத்தை எண்ணினால், மருந்து கொடுக்கவேண்டிய வேளை தெரிந்துவிடும்.