காற்றுக்கும் சல்லடை உண்டு
(செலாயாங் தொழிலாளர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



2005 ஆகஸ்டில் புகைமூட்டத்தால் கிள்ளான் துறைமுகத்திலும் கோலசிலாங்கூரிலும் அவசரநிலை பிறந்ததை நாம் மறக்கவில்லை. நுண்தூசியும் கிருமியும் நோயாளியின் புண்ணில் இறங்காதிருக்க, ஆபரேஷன் அறையில் 'ஹெப்பா' வடிகட்டி வைக்கிறார்கள். அதைக் கழற்றி மாட்டுவோரில் நம் பிள்ளைகளும் உண்டு.

0.3 மைக்ரான் தூசியில் 100க்கு 99.97 பங்கைப் பிடிப்பதே ஹெப்பா. சோதனைச் சான்றைப் பார்த்தே வாங்க வேண்டும். பால் சல்லடையின் ஓரம் கிழிந்தால் குப்பை இறங்குமல்லவா? வடிகட்டி பொருந்தும் ஓரத்தில் இடுக்கு இருந்தாலும் அதே கதைதான்! முன்வடிகட்டியைத் தவறாமல் மாற்றினால் ஹெப்பா நெடுநாள் உழைக்கும். அழுத்தமானி குறித்த அளவைத் தொட்டதும் புதிது மாட்ட வேண்டும். பழையதைக் கழுவி மாட்டலாகாது.

கழற்றுகிற தொழிலாளிக்கு முகக்கவசமும் கையுறையும் நிர்வாகம் கொடுத்தாக வேண்டும். இது சலுகையன்று, நமது உரிமை!