கூட்டத்தொடரின் கணக்கு



சட்டமன்றக் கூட்டத்தொடர் முடிந்த மறுநாள் நாளேடுகளில் ஒரு கணக்கு வரும். அவை இத்தனை நாள் நடந்தது, இத்தனை சட்டமுன்வடிவுகள் நிறைவேறின, அமைச்சர்கள் இத்தனை அறிவிப்புகள் வெளியிட்டார்கள், இத்தனை முறை வெளிநடப்பு. இந்தக் கணக்கை வைத்து ஒரு கூட்டத்தொடரின் பயனை எடைபோட முடியாது. முன்வடிவு உறுப்பினர் கைக்கு வந்த நாளுக்கும் நிறைவேறிய நாளுக்கும் நடுவில் அதை யார் படித்தார்கள், யாரைக் கேட்டார்கள்? நான் பார்க்கச் சொல்வது அதைத்தான்.

தமிழ்நாடு சட்டமன்றத்தின் 2023ஆம் ஆண்டு நிதிநிலைக் கூட்டத்தொடரை எடுத்துக்கொள்வோம். ஏப்ரல் 21, கடைசி நாள். அன்று நிறைவேறியவற்றில் ஒன்று தொழிற்சாலைகள் திருத்தச் சட்டமுன்வடிவு. 1948ஆம் ஆண்டுச் சட்டத்தில் 65ஏ என்று ஒரு பிரிவைச் சேர்த்து, வேலை நேர விதிகளிலிருந்து எந்தத் தொழிற்சாலைக்கும் விலக்கு அளிக்கும் அதிகாரத்தை அது அரசுக்குத் தந்தது. 12 மணி நேர வேலைச் சட்டம் என்று ஊரே பேசியது இதைத்தான். வாரத்துக்கு 48 மணி நேரம் என்பது மாறாது, நாலு நாள் வேலை பார்த்து மூன்று நாள் விடுப்பு எடுக்கலாம் என்று அரசுத் தரப்பு விளக்கியது. ஆனால் விலக்கு அளிக்கத்தக்க பிரிவுகளின் பட்டியலில், அந்த 48 மணி நேர வரம்பை விதித்த 51ஆம் பிரிவும் இருந்தது. வாய்மொழி விளக்கம் ஒன்று சொல்ல, அச்சில் வேறொன்று இருந்தது. வரிவரியாகப் படிக்க ஒரு குழு உட்கார்ந்திருந்தால் முதல் நாளிலேயே இதைக் கேட்டிருக்கும்.

ஆளுங்கட்சியின் தோழமைக் கட்சிகளே எதிர்த்து வெளிநடப்புச் செய்தன. ‘ஏற்போர் ஆம் என்க, மறுப்போர் இல்லை என்க’ என்று பேரவைத் தலைவர் கேட்டார். குரல் வாக்கெடுப்பில் முடிந்துவிட்டது. ஏப்ரல் 24 அன்று அமைச்சர்கள் தொழிற்சங்கத் தலைவர்களைத் தலைமைச் செயலகத்துக்கு அழைத்துப் பேசினார்கள். அன்றே அது நிறுத்தி வைக்கப்பட்டது. மே தினத்தன்று முதலமைச்சர் திரும்பப் பெறுவதாக அறிவித்தார். எதிர்ப்புக்குச் செவிசாய்த்ததை நான் மனமாரப் பாராட்டுகிறேன். ஆனால் ஏப்ரல் 24 அன்று கேட்டதை 21க்கு முன்பே கேட்டிருக்க வேண்டும். கேட்க வேண்டிய இடமும் பேரவைதான். நாளேட்டுக் கணக்கில் இதுவும் ‘நிறைவேறிய சட்டமுன்வடிவு’ என்றே சேர்ந்தது.

நிறைவேறிய பிறகு முன்வடிவுகள் ஆளுநர் ஒப்புதலுக்காகத் தேங்குவது வேறு கதை. 2023 நவம்பர் 18 அன்று பேரவை மீண்டும் நிறைவேற்றி அனுப்பிய 10 சட்டமுன்வடிவுகள், 2025 ஏப்ரல் 8 உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்குப் பிறகே சட்டமாயின. அந்தத் தாமதத்துக்குப் பேரவையைக் குறை சொல்ல முடியாது.

குழுக்களுக்கு வருகிறேன். கேரளச் சட்டமன்றத்தில் 1980 முதல் துறைவாரிக் குழுக்கள் உண்டு. அங்கே துறை அமைச்சரே குழுத் தலைவர் என்பது எனக்கு உடன்பாடில்லாத ஏற்பாடு. இருந்தாலும் முன்வடிவு ஒரு மேசைக்காவது போய் வருகிறது. நம்மிடம் தெரிவுக்குழுவுக்கு அனுப்ப விதி இருக்கிறது, வழக்கம்தான் அருகிப்போயிற்று. காலையில் இரண்டு மூன்று துறைகளின் மானியக் கோரிக்கை, கொத்தாக வெட்டுத் தீர்மானங்கள், மாலைக்குள் அமைச்சர் பதிலுரை, அதன் முடிவில் அறிவிப்புகள் என்று நாள்கள் ஓடும்போது, முன்வடிவுகள் கடைசி நாள்களில் வந்து குவிகின்றன.

அந்த அறிவிப்புகளும் உறுதிமொழிகளும் என்ன ஆயின என்று துருவிக் கேட்க உறுதிமொழிக் குழு இருக்கிறது. மாவட்டங்களுக்கே வந்து ஆய்வு செய்கிறது. அடுத்த முறை அக்குழு உங்கள் மாவட்டத்துக்கு வரும்போது, போன கூட்டத்தொடரில் உங்கள் ஊருக்கென்று அறிவித்த பாலமோ பள்ளிக் கட்டடமோ எந்த நிலையில் இருக்கிறது என்று மனு எழுதிக்கொண்டு போங்கள். உங்கள் தொகுதி உறுப்பினரைப் பார்க்கும்போது, கடைசி நாளில் நிறைவேறிய சட்டமுன்வடிவுகளில் எதையெல்லாம் முழுதாகப் படித்தீர்கள் ஐயா என்று மரியாதையாகக் கேளுங்கள்.